மல்லிகைக்கு அடியில் இருந்த வரி

ஆவணி 14, வியாழன்.

வாடிப்பட்டிக்காரர் ஒருவரின் அறுபதாம் கல்யாண பேனரை நான்தான் செய்தேன். பழைய கண்ணீர் அஞ்சலி ஃபைல் ஒன்றில் பார்டர் நன்றாக இருந்தது. பெயரையும் போட்டோவையும் மாற்றினேன். கீழே இருந்த ‘மறைவு’ வரியில் தேதியை மட்டும் எடுத்துவிட்டு, அதன்மேல் மல்லிகைச் சரப் படம் ஒன்றை வைத்து மூடினேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

பிரிண்ட் போடும் சிஸ்டத்துக்கு ஃபைலை மட்டும் அனுப்பினேன். ஃபைலுக்குள் பதியாமல் தனியாக இருந்த மல்லிகைப் படத்தைச் சேர்த்து அனுப்பவில்லை. பூ இல்லாமலே பேனர் வந்துவிட்டது. நான் பார்ப்பதற்குள், வாங்க வந்த வாடிப்பட்டிக்காரரே எங்கள் கடையில் விரித்துவிட்டார். அவருடைய சிரித்த முகத்துக்குக் கீழே ‘மறைவு:’. பக்கத்தில் வெற்றிடம்.

“எல்லாம் சரியா இருக்கு மாப்ள, தேதியத்தான் விட்டுட்ட” என்று சிரித்தார். கூட வந்திருந்த அவர் மனைவி குனிந்து, முந்தானையால் அந்த இடத்தை மூடினார்.

வரியை அழித்து, படத்தை ஃபைலுக்குள்ளேயே பதித்து, வேறு பேனர் போட்டுக் கொடுத்தேன். பழையதைக் கிழிக்கப் போனேன். அவர் விடவில்லை.

“இருக்கட்டும் மாப்ள. இதுவும் ஒருநாள் ஆகும்.”

இரண்டையும் ஒரே மாதிரி சுருட்டிக் கொடுத்தேன். நாளை காலை விசேஷம். எந்தச் சுருள் எது என்று மேலே எழுதிக் கொடுக்கவில்லை.