நாலு ஊசிப் பம்பரம்

வியாழன். விடிந்ததிலிருந்து மழை.

நடந்துவிட்டது, நடந்தேவிட்டது, மைதீன் நானா செய்த பம்பரத்தை ஜப்பான் டாக்டர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கள் ஊர் காஜா பேராங் முழுக்க இனி இதால்தான் அம்மை குத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்!

பென்சில் முனை ஒடிந்துகொண்டே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அம்மை குத்தும் கத்திகள் எல்லாம் துரு. புதிதாக வர வழியில்லை. வெள்ளைக்காரன் பாட்டு போடக்கூடாது என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டதும் வீட்டுக்கு வீடு பாட்டுப்பெட்டி ஊசிகள் சும்மா கிடந்தன. கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் நானாவுக்கு அது போதாதா? நாலு ஊசி, ஒரு பித்தளைத் தண்டு, உள்ளே கடிகாரச் சுருள்வில். தோள்பட்டையில் ஒரு சொட்டு அம்மைப்பால், அதன்மேல் பம்பரம், இரண்டு விரலால் ஒரு சுழற்று. நாலு பொட்டு ரத்தம். அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தினாலும் ஆழமாகப் போகாது, வில் தடுக்கும். இதை இன்று பார்த்தவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், மீன்காரரிடம்கூட.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஐயா கத்தியால் ஒருவருக்குக் குத்துவதற்குள் நானா ஒரு பெஞ்சையே முடித்துவிட்டார். "என்னா டிரஸ்ஸரே, கோழியா அறுக்கிறீங்க?" என்று கிண்டல் வேறு. கர்வம் பிடித்த மனுஷன். கர்வப்படட்டும், படலாம்.

டாக்டர் கிளம்பும்போது சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். (சுவர் நோட்டீஸ்களைப் பார்த்து நானே கற்ற நிப்போங்கோ, ஜப்பான் பேச்சு. அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் இந்த வேலை.) "குத்தி எட்டாம் நாள் கைகளைப் பார்ப்பேன். கொப்புளம் எழும்பவில்லை என்றால் இது ஏமாற்று வேலை. செய்தவன் தலை இருக்காது." நானா சிரித்தார். "எழும்பும்னு சொல்லு புள்ள."

திரும்பும்போது காவல் சாவடியில் ஜப்பான் சிப்பாய்க்கு நான் குனிந்தது போதவில்லையாம். அறை. இடது காது இன்னும் கூவுகிறது. பத்து பெரெண்டாம் பக்கம் அம்மை கண்ட தோட்டத்து லயத்தை, கூலி வீட்டு வரிசையை, ஆட்களோடு சிப்பாய்கள் கொளுத்திவிட்டதாகப் பேச்சு. இங்கே அது நடக்காது. பம்பரம் இருக்கிறது.

சனி. வெயில், மண் சுடுகிறது.

காலையில் கடைத்தெரு. சீனர்கள் சத்தமில்லாமல் குத்திக்கொண்டு கடைக்குத் திரும்பினார்கள். பிறகு மாரியம்மன் கோயில் திடல், நம் ஆட்கள். மூங்கில் கழியோடு சிப்பாய்கள். வரிசை வளைந்தால் முழங்காலில் அடி. தலை சுற்றி உட்கார்ந்த முனியாண்டி மாமாவுக்குத் துப்பாக்கிக் கட்டை, வாயிலேயே. பற்கள் மண்ணில். அப்படியே இழுத்து வந்து கையை நீட்ட வைத்தார்கள்.

"மாமா, அவன் குடுத்ததுக்கு முன்னாடி இது கொசுக்கடி" என்றார் நானா.

மாமா ரத்தத்தைத் துப்பிவிட்டு, "கொசுவுக்கு எவன்டா கையத் தொடைச்சு நீட்டிக் குடுக்கிறான்?" வரிசையே சிரித்தது. அதற்கும் அடி.

மலாய் பேசும் சிட்டித் தமிழர் வீட்டு அக்கா ஒருவர், "சாக்கிட்கா?" வலிக்குமா என்று. நானா, "தாக், தாக்!", இல்லை இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் முடித்துவிட்டார்.

என் வேலை கையைத் துடைத்து இறுக்கிப் பிடிப்பது. கடைசியில் எனக்கு. நானா கையாலேயே!

அம்மா வீட்டு அம்மியில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கோயில் கிணற்றடியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். குத்திக்கொண்டவர்கள் நேரே அங்கே போய்க் கையைக் கழுவி, அப்பிக்கொண்டார்கள். ஆத்தா உடம்பில் இறங்கினால் குளிர வைப்பதுதானே முறை. நான் மட்டும் தொட விடவில்லை. நானா போட்ட பொட்டு, அழியக்கூடாது. சட்டைக் கையை இறக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஆத்தாளவிட கடிகாரக்காரன் ஒசத்தியாயிட்டானாடி?" பின்னாலேயே அம்மா.

புதன். தூறல்.

மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. என் கையில் அரிப்பு. கொப்புளம் எழும்புகிறது! அழகாக, முத்து மாதிரி. யாரிடமும் காட்டவில்லை, எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கும்.

சனி.

எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

கோயில் திடலில் டாக்டர் கை கையாகப் பார்த்தார். சுத்தம். அடுத்தது, சுத்தம். மஞ்சள் கறை மட்டும். கொப்புளம் இல்லை, தழும்பு இல்லை, ஒன்றுமில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பிறகு கத்தல். நான் சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு முன்னால் ஓடினேன். சிப்பாய் வயிற்றில் உதைத்தான். மூச்சு நின்றது.

கீழே கிடந்தபடி பார்த்தேன். நானாவின் வலது கையைக் கோயில் படிக்கல்லில் வைத்து, பூட்ஸ் காலால். கரும்பு ஒடிக்கிற சத்தம். திரும்பவும். திரும்பவும். "விரலு, என் விரலு" என்று மட்டும் கத்தினார். தடுக்கப் போன டிரஸ்ஸர் ஐயாவின் கண்ணாடி முகத்திலேயே உடைந்தது. நானாவை மூட்டை மாதிரி லாரியில் எறிந்தார்கள்.

பம்பரம் சாக்கடையில். கை விட்டுத் துழாவி எடுத்தேன்.

ஞாயிறு. மழை.

டிரஸ்ஸர் ஐயா வந்தார், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "கடைத்தெருவுல எல்லாருக்கும் எழும்பியிருக்கு புள்ள. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அதே பம்பரம், அதே பால், அதே கை. எனக்கும் எழும்பியிருக்கிறது. அப்புறம் ஏன் நம் திடலில் மட்டும்?

அடுப்படியில் அம்மி. மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

"நீங்க கழுவிட்டீங்கம்மா."

"என்னத்தடி?"

"அம்மைப்பால. ரத்தத்துல ஊறறதுக்கு முன்னாடியே கழுவி, மேல மஞ்சளையும் அப்பிட்டீங்க."

"ஆத்தாளுக்கு மஞ்ச பூசாம வேற என்ன பூசறது? சாணியா?"

"ஆத்தாளத்தான் கழுவிக் கிணத்தடியில ஊத்திட்டோம்!"

அறைந்தாள். நான் அம்மிக் குழவியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். பானை உடைந்தது. இரண்டு பேரும் கத்தி ஓய்ந்த பிறகு அம்மா என் சட்டைக் கையைத் தானே ஏற்றிப் பார்த்தாள். தன் கையையும் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கள்.

டாக்டர் வீட்டு வாசலில் நெற்றி தரையில் படக் குனிந்தேன். காவல்காரன் முடியைப் பிடித்துத் தூக்கினான். கையைக் காட்டிக்கொண்டே கத்தினேன். மஞ்சளுக்கு நிப்போங்கோவில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. "மஞ்சள் நிற மருந்து, எல்லாரும், தப்பு, கருவி நல்லது, கடைத்தெருவைப் பாருங்கள்." டாக்டர் வந்து கொப்புளத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். உயிர் போய் வந்தது. கத்தவில்லை.

முடிவு: வியாழக்கிழமை, அதே திடலில், எல்லாருக்கும் திரும்ப நானே குத்த வேண்டும், நானாவை முன்னால் கட்டி வைத்துக்கொண்டு. அதற்கு எட்டாம் நாள் பார்வை. எழும்பினால் நானாவை விடுவார்கள். இல்லையென்றால் அவர் தலையோடு என் தலையும்.

காவல் அறையில் நானாவைப் பார்க்க விட்டார்கள். தொட்டித் தண்ணீரைக் குடிக்க வைத்து வயிற்றில் ஏறி மிதித்திருக்கிறார்கள். கை சாக்குத்துணியில், வாடை. மஞ்சள் விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப என் பம்பரத்துல பழுதில்ல."

"இல்ல நானா."

"அதச் சொல்லு மொதல்ல! எங்க அது? நீ புடி."

பிடித்தேன்.

"அது என்னா, அகப்பையா? கட்டைவிரல் மேல வை. கழுதை. என் கையில சுத்திப் பாரு."

"வேணாம் நானா, ஏற்கனவே..."

"இன்னொரு கை எதுக்கு இருக்கு? சுத்துலா!"

இடது கையில் சுற்றினேன். கோணல். திட்டினார். திரும்பச் சுற்றினேன். முழங்கை வரை ரத்தப் பொட்டுகள், சில கீறல்கள். காவல்காரன் சிரித்தான். எனக்குக் கண் மறைத்தது. கடைசியில் ஒன்று சரியாக விழுந்தது, நாலும் ஒரே அளவு. அதைப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் தலையைச் சாய்த்தார்.

புதன். மழை விட்டிருக்கிறது.

காலையிலிருந்து வீடு வீடாக. அம்மாதான் முன்னால். "மஞ்சத் தண்ணிய வேப்பமரத்தடியில ஊத்துங்க, கையில வேணாம். ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." ஒரு வீட்டில் விளக்குமாறு பறந்தது. அம்மா அதைக் குனிந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதையே மறுபடி சொன்னாள்.

முனியாண்டி மாமா: "திரும்ப அந்தத் திடலுக்கா? மிச்சம் ரெண்டு பல்லுதான் இருக்கு."

"அதையும் கூட்டிட்டு வாங்க மாமா" என்றேன்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

கோயிலுக்குப் பின்பக்க வீடுகள் பாக்கி. நான் பேசினால் வார்த்தை குழறுகிறது, அதனால் எழுதி மனப்பாடம்:

நாளைக்குக் காலையில கோயில் திடலுக்கு எல்லாரும் வாங்க. பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. குத்தினதுக்கப்புறம் கழுவாதீங்க, தொடைக்காதீங்க, ஒண்ணும் பூசாதீங்க, அப்படியே காய விடுங்க. நாந்தான் குத்துவேன், என் கை நடுங்கினா பயப்படாதீங்க. மைதீன் நானாவ முன்னாடி கட்டிப் போட்டிருப்பானுங்க. அவரப் பாத்து அழாதீங்க, ஓடிடாதீங்க. சட்டைக் கைய மட்டும் ஏத்துங்க.