அழுத்தாத காபி

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சின்னுவும் உடம்பில் கீறல்கூட இல்லாமல் நன்றாக இருக்கிறோம். இதை முதலில் படித்து மூச்சை விடு, மற்றதை அப்புறம் படி. போனில் சொல்லாமல், வீட்டுக்கும் எழுதாமல், உன் பள்ளிக்கூட முகவரிக்கு ஏன் எழுதுகிறேன் என்பது போகப்போகத் தெரியும். ஸ்டாஃப் ரூமிலேயே படித்து அங்கேயே கிழித்துப் போட்டுவிடு.

போன செவ்வாய்க்கிழமை அவர் வந்திருந்தார்.

புருஷன் வேண்டாமென்று விட்டுவிட்டு வந்த பிறகும் அவர், இவர் என்றுதான் எழுத வருகிறது. பழக்கம்.

இங்கே வந்ததும் எனக்கென்று ஒரு காபி பிரஸ் வாங்கினேன் என்று சொன்னபோது நீ திட்டினாயே, அதிலிருந்துதான் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருந்ததைப் போலவே ஒன்று. கண்ணாடிக் குடுவை, மூடிக்கு நடுவே குமிழ் வைத்த கம்பி, கம்பியின் அடியில் தூளைக் கீழே அழுத்தும் சல்லடை. அங்கே தூள் போட்டு வெந்நீர் ஊற்றுவது அவர். அழுத்துவது மட்டும் என் வேலை. எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கோப்பையின் அடியில் துளி சக்கை வந்துவிட்டால் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காபி எனக்குப் பிடிக்கும் அக்கா. அதையும் அவருக்கே விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இங்கே என் இஷ்டத்துக்கு அழுத்தினேன். சக்கை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று குடித்தேன்.

அன்றைக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை முடிந்து, சின்னுவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. பூட்டியபடிதான் இருந்தது. திறந்தால் மேஜைமேல் பிரஸ். காலையில் நான் கழுவித் தொட்டியருகே கவிழ்த்துவிட்டுப் போனது. இப்போது அது நிறையக் காபி, கம்பி முழுக்க மேலே, அழுத்தாமல். பக்கத்தில் இரண்டு கோப்பைகள்.

வெந்நீர் ஊற்றியதும் தூளெல்லாம் மேலே வந்து பாலாடை மாதிரி மிதக்கும் அக்கா. நேரம் ஆக ஆகத்தான் அடியில் இறங்கும். கண்ணாடி வழியே பார்த்தேன். நுரைகூட அடங்காமல் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் இப்போதுதான் ஊற்றியிருக்கிறார். ஊற்றியவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

ஷூவைக் கழற்றக் குனிந்த சின்னுவின் தோளைப் பிடித்து நிறுத்தி, பால் வாங்க மறந்துட்டேன், வா போகலாம் என்று சத்தமாகச் சொன்னேன். படுக்கையறையிலிருந்து பதில் வந்தது. பால் வாங்கியாச்சு, ஃபிரிட்ஜ்ல இருக்கு, நீ வந்து அழுத்து என்று.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மீசையைத் திருத்திக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். சின்னு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். கீழ டெய்லர் ஆன்ட்டிகிட்ட உன் யூனிஃபார்ம் தெச்சாச்சான்னு கேட்டு வாங்கிட்டு வா என்றேன். தைக்க எதுவும் கொடுத்திருக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடினாள். போகட்டும், நாம பேசணும் என்றார் அவர். அவள் இறங்கும் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

குமிழ்மேல் கை வைத்தேன். ஒரே குத்தாகக் குத்தினால் கொதிநீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடிக்கும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. கை பழைய பயத்தில் மெதுவாகத்தான் இறங்கியது. அவர் சாவகாசமாகப் பேசினார். வீட்டுக்காரம்மாவிடம் எங்கள் கல்யாண போட்டோவைக் காட்டினாராம், பாவம், உடனே சாவியைக் கொடுத்துவிட்டாளாம். முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். உங்க அத்தான் நல்ல மனுஷன், கேட்டதும் வாங்கிக் குடுத்துட்டார் என்றார்.

குடித்து முடித்துக் கோப்பைக்குள் பார்த்தார். சக்கை இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கடிகாரத்தைக் கழற்றினால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் கதவை இடித்தார்கள். நான் எழுந்து திறந்த வேகத்தில் நாற்காலியே சாய்ந்துவிட்டது. கழுத்தில் டேப்போடு டெய்லர் அக்கா, அவளுக்குப் பின்னால் துணி கொடுக்க வந்த இரண்டு பெண்கள். காபி வாசனை கீழ வரைக்கும் தூக்குது, எங்களுக்குக் கிடையாதா என்று கேட்டபடி மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். கொடுக்காத யூனிஃபார்மைக் கேட்டதுமே புரிந்துகொண்டு, சின்னுவைத் தன் கடையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. சார் சட்டை எங்க தெச்சது, தோள் இப்படித் தொங்குதே என்று அவரையே கேட்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்கள் எழுந்திருப்பதாக இல்லை. கடைசியில் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு நாள் நிதானமா வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்த டெய்லர் அக்கா, திரும்பியபோது உட்கார இடம் தேடினாள்.

அன்றே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். மறுநாளே வீடு மாறிவிட்டேன், அதுவும் டெய்லர் அக்கா தேடிக் கொடுத்ததுதான். ஆனால் பயம் கூடவே வந்துவிட்டது. சின்னு பள்ளியிலிருந்து வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள். அவளை அதட்டிவிட்டு, அவள் குளிக்கப் போனதும் நானும் பார்க்கிறேன்.

இதெல்லாம் என் பாடு. இனி உன் பாடு.

அந்தப் பழைய வீட்டு முகவரி உனக்கு மட்டும்தான் தெரியும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. என்னை உன் தோழி வீட்டில் வைத்துக்கொண்டு, எல்லோரும் மாறிமாறிக் கேட்டபோதும் வாயைத் திறக்காதவள் நீ. நீயாகச் சொல்லியிருக்க மாட்டாய். அதனால்தான் எனக்கு அவரைவிட உன்னை நினைத்துப் பயமாக இருக்கிறது. அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் உனக்குப் பேச்சே குழறியது. பல் வலி, கன்னம் வீங்கியிருக்கிறது என்றாய். டாக்டரிடம் போனாயா என்றதும் பேச்சை மாற்றினாய். அத்தான் பக்கத்தில் இருந்தாரா அக்கா?

புது முகவரியை எழுதவில்லை. தெரியாத ஒன்றை உன்னிடமிருந்து யாரும் வாங்க முடியாது. டெய்லர் கடை நம்பர் மட்டும் தாளின் பின்பக்கம் இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள். பஸ்ஸை விட்டு இறங்கி அதற்குப் பேசினால் அவளே வந்து கூட்டிக்கொண்டு வருவாள். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அக்கா வருவாள் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில்தானே படிக்கிறார்கள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போகாதே. மணி அடித்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிடு. உன் பல் வலியை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கதவைத் திறக்கக் காத்திருக்கும்,
உன் தங்கை