ஏழாவது கட்டத்தில் யூனிக்னெஸ்

மார்ச் 3

படிவத்தை மாற்றிவிட்டார்கள். பதினோரு வருடமாக ஏழாவது கட்டத்தில் ‘அடையாளம்’ என்று இருந்தது. காலையில் கவுன்ட்டரில் புதுக் கட்டு. பிரித்தால், ஏழாவது கட்டம்: ‘பொருளின் யூனிக்னெஸ்’. எனக்கு வந்ததே ஒரு கோபம்! ரயிலில் குடையை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருகிறவரிடம் நான் யூனிக்னெஸ் கேட்க வேண்டுமாம்.

எல்லாம் புது மேலாளர் வேலை. வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அவர் சட்டையில் ஒரு சுருக்கம் விழாது. நான் வைத்திருக்கும் பெயர் இஸ்திரி. வெளியே சொல்லவில்லை, இங்கே மட்டும்தான்.

வாயை அடக்கு. இந்த மாதக் கடைசியில் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு அடுத்த பொறுப்பாளர் நானா, வெளியிலிருந்து யாராவது வருவார்களா என்பது இஸ்திரி எழுதும் அறிக்கையில் இருக்கிறது. எனக்கு அந்த வேலை வேண்டும். சும்மா இல்லை, ரொம்பவே வேண்டும்.

மார்ச் 6

இன்றைய அறுவடை.

“குடையோட யூனிக்னெஸ் என்னங்க?”

“மழை பெஞ்சா நனைய விடாதும்மா.”

அடுத்தவர் தொப்பியைத் தொலைத்தவர். “அப்படின்னா என்னம்மா? அது இருந்தாத்தான் குடுப்பீங்களா? என் தொப்பியில அது இல்லையே!” என்று பாவம், கண் கலங்கிவிட்டார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இஸ்திரி கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

வீட்டில் சொல்லிச் சிரித்தால், என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். “ரசத்துல இன்னிக்கு யூனிக்னெஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கே.” கரண்டியால் ஒன்று போட்டேன்.

மார்ச் 7

காலையில் தன் சட்டைப் பொத்தான் அறுந்ததற்கும் வீட்டுக்காரர் யூனிக்னெஸ் என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது?

மார்ச் 10

இஸ்திரியிடம் கேட்டேவிட்டேன். “சார், தமிழ்ல கேட்டா என்ன சார்?”

“அடையாளம்னா எல்லாரும் கலரும் சைஸும் சொல்றாங்க. வேற எதுலயும் இல்லாத ஒண்ணைச் சொல்லணும். யூனிக்னெஸ்னு கேட்டாத்தான் கொஞ்சம் யோசிப்பாங்க.”

யோசிக்கவில்லை, முழிக்கிறார்கள். இருந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன். அறிக்கை, அறிக்கை, அறிக்கை.

மார்ச் 12

நான் என் வழிக்கே போய்விட்டேன். கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்கிறேன்: “இதே மாதிரி பத்து வரிசையா இருந்தா, உங்களுது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” அவ்வளவுதான், வாய் திறந்துவிடுகிறது.

கிடங்கில் கறுப்புப் பெட்டி பதினான்கு இருக்கின்றன. ஒரு செவிலியர் வந்தார். கேட்டேன். “பூட்டு திறக்காதுங்க. இடது மூலையில முட்டியால ஒரு இடி இடிச்சாத்தான் திறக்கும்” என்றார். கிடங்கு அண்ணன் வரிசையாக இடித்துக்கொண்டே போனார். ஒன்பதாவது பெட்டி ‘டப்’ என்று திறந்தது. மூன்று பேரும் கைதட்டினோம். எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதே இதற்காகத்தான்.

படிவத்தில் ‘பூட்டு பழுது’ என்று எழுதி முடித்துவிட்டேன். முட்டியை எல்லாம் எங்கே எழுதுவது?

மார்ச் 16

நோட்டுப் புத்தகம் வந்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்து, பெயரோ முகவரியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விதி. இன்று ஒருவருடைய நாட்குறிப்பு வந்தது. ஒரே பல்வலிப் புலம்பல். சாப்பாட்டு நேரத்தில் உருக்கமான குரலில் வாசித்துக் காட்டினேன். கிடங்கு அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. கொஞ்சம் ஓவராகத்தான் போய்விட்டேன்.

மார்ச் 19

(பழைய படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒட்டிக்கொள்ளலாம் — ஒட்ட நோட்டு கிடைத்தால்.)

தொலைத்துவிட்டேன். நானே. என் நோட்டை. நேற்று மதியம் பயணிகள் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். மணி அடித்ததும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நோட்டு பெஞ்சிலேயே. அடிப் பாவி!

எத்தனை இடத்தில் இஸ்திரி என்று எழுதியிருக்கிறேன்? ‘உள்ளே ஆள் இருக்கிறதா, சட்டை மட்டும் நடக்கிறதா’ என்று எழுதினேனே, அது இந்த நோட்டா, போன நோட்டா?

மார்ச் 20

நோட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? எங்கள் அலுவலகத்தில். கூட்டிப் பெருக்கும் அம்மா நேற்று எடுத்துவந்து கொடுத்திருக்கிறார். என்னிடமா கொடுத்தார்? நான் சாப்பாட்டில் இருந்தேனாம். நேரே மேலாளர் கையில்!

பதிவேட்டில் இஸ்திரியின் முத்து முத்தான எழுத்து: ‘நோட்டு, நீல அட்டை. பெயர் இல்லை. உரியவர் தெரியவில்லை.’

தெரியவில்லையாம். தினமும் நான் நிரப்பும் முப்பது படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு என் எழுத்து தெரியாதா?

கிடங்கு அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “உன்னை வரவைக்கிறாரு தங்கச்சி.”

“போகலன்னா?”

“முப்பது நாள் கழிச்சு பழைய பேப்பர் கட்டோட போயிடும். நீயும் தப்பிச்ச, அவரும் தப்பிச்சாரு.”

ஒரு மாத எழுத்து. போகட்டுமா? பேசாமல் இருந்தால் பொறுப்பாளர் வேலையாவது மிஞ்சும். மிஞ்சுமா? படித்த பிறகுமா?

மார்ச் 21

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. “உன் நோட்டைக் கேட்டு வாங்க உனக்கு என்ன வெட்கம்? அவருதான் வெட்கப்படணும், படிச்சதுக்கு” என்றார். அப்புறம் மனசு கேட்காமல், “அதுல நானும் வர்றேனா?” என்றார்.

மார்ச் 23

போனேன். வரிசையில் நிற்பவர்களைப் போலவே நானும் படிவம் எடுத்து நிரப்பினேன். பொருள்: நோட்டு. நிறம்: நீலம். ஏழாவது கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. யூனிக்னெஸ். வேறு எந்த நோட்டிலும் இல்லாதது இதில் என்ன இருக்கிறது? தெரியாமல் என்ன! எழுதினேன்: ‘அலுவலக மேலாளர் இஸ்திரி என்று குறிப்பிடப்பட்டிருப்பார். பல இடங்களில்.’

இஸ்திரியின் மேஜையில் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“பல இடங்கள்னா எத்தனை?”

“எண்ணல சார்.”

“பதினேழு.”

செத்தேன் என்று நினைத்தேன். அடுத்த நொடி பொறி தட்டியது. பதினேழு எண்ண வேண்டுமென்றால்? “சார், விதிப்படி முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தானே படிக்கணும்?” வாய்! இந்த வாயை வைத்துக்கொண்டு!

மனிதர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். நிஜமாகவே. “முதல் பக்கத்துலயே என் சட்டை வந்துச்சு. நிறுத்த முடியல. தப்புதான்.” பிறகு என் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். முட்டியால் இடித்த பெட்டி. “இந்த மாதிரி இருபத்து மூணு இருக்கு. இந்தப் பொருள் இவங்களுதுதான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு. படிவத்துல ஒண்ணுகூட இல்லையே, ஏன்?”

“அதெல்லாம் எழுத அதுல எங்க சார் இடம்?”

“யூனிக்னெஸ்னு ஒரு கட்டம் வச்சேனே. இதுக்குத்தானே வச்சேன்!”

அவர் கேட்டதைத்தான் நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்போதும் சட்டை கசங்கவில்லை.

நோட்டு கைக்கு வந்துவிட்டது. அறிக்கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 30

இன்னும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று முறை டீ குடித்தேன்.

ஏப்ரல் 9

கவுன்ட்டருக்கு மாற்றலாகி ஒரு அக்கா வந்திருக்கிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர், நல்ல வாய். காலையிலிருந்து படிவத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுக்கிறார். மதியம் அவர் நிரப்பிய ஒன்று பொறுப்பாளர் மேஜைக்கு, அதாவது என் மேஜைக்கு, கையெழுத்துக்கு வந்தது. ஏழாவது கட்டத்தில் ‘பழுப்பு நிறம், நடுத்தர அளவு’. கூப்பிட்டேன். “அக்கா, கலரும் சைஸும் யூனிக்னெஸ் ஆகாது. கேட்டு எழுதுங்க” என்று சொல்லிவிட்டேன். என் வாயாலேயே! அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கிடங்கு அண்ணன் காதில் ஏதோ சொன்னார். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்கு ஏதோ பெயர் வைத்துவிட்டார்கள். என்னவாக இருக்கும்? அக்கா ஒரு பச்சை நோட்டு வைத்திருக்கிறார், சாப்பாட்டு நேரத்தில் அதில் எழுதுகிறார். அதை ஒருநாள் பெஞ்சில் மறந்துவிட்டுப் போனால் தேவலை. இரண்டு பக்கம் மட்டும் படித்துவிட்டு வைத்துவிடுவேன்.