நாலாவது சபையும் ஒரு கால்விரலும்

ஜூன் 2, செவ்வாய்

இன்று என் கண்ணாடிக் கடைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். சைக்கிளிலிருந்து விழுந்ததில் ஒருத்தியின் மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டு. சட்டையில் பெயர் அட்டை. அதில் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று முழ நீளத்துக்கு எழுத்து. “மார்மன் சபையா?” என்றேன். சிரித்தார்கள். வேறு ஃபிரேம் மாட்டிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று கூப்பிட்டார்கள். நானா? ஏற்கனவே மூன்று சபை பார்த்தாகிவிட்டது, தாயே!

ஜூன் 3, புதன்

மூன்று சபை என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். ஒன்றையாவது நானாகத் தேடிப் போனேனா? அம்மாவின் மாதா கோயிலில் பிறந்தேன். கல்யாணம் ஆனதும் இவருடைய சபை. மகள் போன பிறகு நாத்தனார் கையைப் பிடித்து ஜெபக்கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

மகள் ஒரே ஒரு நாள்தான் இருந்தாள். ஞானஸ்நானம் கொடுக்கக்கூட நேரம் தரவில்லை. பன்னிரண்டு வருஷமாக எங்கே போனாலும் நான் கேட்டது ஒன்றுதான் — அவள் இப்போது எங்கே? சாமியார், பாவம், “கடவுள் இரக்கமுள்ளவர்மா” என்றார். இவர் சபைப் போதகர் கண்ணை மூடி ஜெபித்தார். ஜெபக்கூடத்தில் வாய்விட்டு அழச் சொன்னார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். எல்லாரும் நல்லவர்கள்தான். பதில்தான் கிடைக்கவில்லை.

இவரிடம் அவளைப் பற்றிப் பேச முடியாது. எழுந்து போய்விடுவார்.

ஜூன் 14, ஞாயிறு

போனேன். சம்பளத்துக்குப் போதகர் என்று யாரும் இல்லையாம். இன்று பேசியவர் ஒரு பிளம்பர். காகிதத்தில் எழுதி வந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். ரொட்டி கொடுத்தார்கள், திராட்சை ரசத்துக்குப் பதில் குட்டிக் குவளையில் தண்ணீர். ஜெபத்தில் ஒரு சொல் தவறியது, மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

முடிந்ததும் கண்ணாடி உடைந்து வந்த பெண்ணிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

“சின்னக் குழந்தைங்களுக்கு ஞானஸ்நானமே தேவையில்லக்கா. அவங்ககிட்ட என்ன பாவம் இருக்கு? உங்க பாப்பா கடவுள்கிட்ட பத்திரமா இருக்கா.”

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த முறை சத்தமே வரவில்லை.

ஜூன் 24, புதன்

இந்தச் சபையில் காபி, டீ கூடாதாம். விட்டு மூன்று நாள். மண்டை பிளக்கிறது. ஆண்டவரே, என் காபியால் உமக்கு என்ன தொந்தரவு?

ஜூலை 1, புதன்

ஞானஸ்நானம் வாங்கப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் லிஃப்ட் பரிசோதகர். கம்பி, கதவு, பிரேக் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். என்னையும் அப்படித்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்போ இத்தனை வருஷமா எங்க சபையில என் பக்கத்துல உக்காந்தது?”

“உங்களுக்காகத்தான்.”

“இனிமே?”

உன் ஞானஸ்நானத்துக்கு நான் வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. இந்த மனுஷனை ஞாயிற்றுக்கிழமை மட்டும் இழப்பேனா, மற்ற ஆறு நாளும் சேர்த்தா? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஜூலை 11, சனி

வந்துவிட்டார்! கடைசி வரிசையில், வேலைக்குப் போகிற சட்டையோடு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

தொட்டியில் இடுப்பளவு தண்ணீர். எனக்கு வெள்ளை உடை. ஞானஸ்நானம் கொடுத்தவர் அதே பிளம்பர். உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் மூழ்க வேண்டும். சரிபார்க்க இரண்டு சாட்சிகள். மூழ்கி எழுந்தேன். சாட்சிகள் தலையாட்டினார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

“ஒரு நிமிஷங்க.” இவர் குரல்! தொட்டி ஓரத்துக்கு எப்போது வந்தாரோ. “இடது கால் பெருவிரல் மேல வந்துருச்சு.”

சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நல்லா பாத்தீங்களா?”

“என் பொழப்பே அதுதாங்க.” பிறகு என்னிடம், “செய்யறதா இருந்தா முழுசாச் செய். அரைகுறையா எதையும் நான் விட்டதில்ல.”

மறுபடி மூழ்கினேன். எழுந்ததும் இவரைத்தான் பார்த்தேன். குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, “சரி” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “பாப்பா பத்தி அந்தப் பொண்ணு என்ன சொன்னா? சொல்லு.” சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஜூலை 19, ஞாயிறு

காலையில் இவர் சபைக்குப் போய் வழக்கம்போல் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்தரைக்கு என் சபை. இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். வண்டியைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். வாசலில் ஒருவர் கைகுலுக்கி, “நீங்களும் நம்ம சபையில சேந்தவரா?” என்று கேட்டார்.

“இல்லைங்க,” என்றார் இவர். “நான் பாப்பாவோட அப்பா.”