மீசையில் ஒட்டிய கூழ்

12-7-1937, திங்கள்

இன்று ஆசிரியர்கள் அறையில் பொன்னுராஜ் என் காதருகே குனிந்து, "சார், மீசையில கூழு காஞ்சிருக்கு" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அனுதாபமாகச் சொன்னார். அவர் தினமும் ஓட்டலில் இட்லியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்.

வீட்டுக்கு வந்ததும் இருதயம்மாளிடம், இனி இந்த வீட்டில் கம்மங்கூழ் கூடாது என்று சொல்லிவிட்டேன். "கூழு குடிச்சுத்தான நீங்க வாத்தியார் பரீட்சை பாஸ் பண்ணுனீக?" என்றாள். வகுப்புச் சட்டாம்பிள்ளை மாதிரி அதட்டினேன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் இதுதான் முதல் அதட்டல்.

20-7-37

மீதிக் கம்பு தீரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு குடி என்றேன். சரி என்றாள்.

8-8-37, ஞாயிறு

மில்லில் நன்றாகத் தீட்டிய அரிசி வாங்கி வந்தேன். நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, கஞ்சியைச் சுத்தமாக வடிக்கச் சொன்னேன். மல்லிகைப்பூவாகச் சோறு. ராயப்பன்பட்டியிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய புதுக் கம்பு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இல்லை, அனுப்பிவிட்டேன். காலையில் நான் பொன்னுராஜோடு ஓட்டலுக்குப் போகிறேன். அவளுக்கு வீட்டில் காப்பியும் பழைய சோறும்.

15-9-37, புதன்

சுகாதார இலாகா துண்டுத்தாள் அனுப்பியிருந்தது. வகுப்பில் நானே உரக்க வாசித்தேன். காலையில் கம்பும் கேப்பையும் சாப்பிட்டால் உடம்புக்கு வலு, எலும்புக்கு நல்லது, மத்தியானம்வரை பசி தாங்கும். அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு சத்தும் போய்விடும். யார் வீட்டில் காலையில் கூழ் என்று கேட்டதற்குப் பாதிப் பேர்தான் கை தூக்கினார்கள். கூழ் குடிப்பதில் வெட்கமென்ன என்று பத்து நிமிஷம் பேசினேன். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, நல்ல குரல் என்றார்.

2-10-37, சனி

இருதயம்மாள் முற்றத்தில் தடுக்கி விழுந்தாள். வயிற்றில் அடிபடவில்லை, மாதாவுக்கு ஸ்தோத்திரம். ஐந்து மாதம். பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறதாம், முள் குத்தினால்கூடத் தெரியவில்லையாம். முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்?

9-10-37, சனி

வண்டி பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். முழங்காலில் தட்டிப் பார்த்தார். பிறகு, வீட்டில் காலையில் என்ன ஆகாரம், கூழ் உண்டா என்று கேட்டார்.

"கூழெல்லாம் எங்க வீட்ல கிடையாது டாக்டர். மில் அரிசிச் சோறுதான்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். கடவுளே, நிமிர்த்திக்கொண்டு.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பெரிபெரி என்று ஒரு பெயர் சொன்னார். தவிட்டில் இருக்கும் சத்து இல்லாமல் வருவதாம். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் இருதயத்தைப் பிடித்திருக்கும் என்றார். "வாத்தியார்தான நீங்க? பள்ளிக்கூடத்துக்கெல்லாம் தாள் அனுப்புனாகளே, பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். இருதயம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை, வகுப்பில் வாசித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடமும் வாசித்துக் காட்டியிருந்தேன், என் குரல் நன்றாக இருந்ததென்று.

10-10-37, ஞாயிறு

பூசையில் நற்கருணை வாங்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

நான் ஓட்டலில் இட்லி, வடை, பருப்புச் சாம்பார் என்று தின்றிருக்கிறேன். அதனால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அவளுக்கு வெறும் வெள்ளைச் சோறு — இரண்டு உயிருக்கு. கம்பு வேண்டுமென்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றேன். "நீங்கதான வேணாம்னீக" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

11-10-37

லீவு போட்டுவிட்டு ராயப்பன்பட்டிக்கு நடந்தே போனேன். மாமியார் சந்தனம்மாளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசனை. திருப்பி அனுப்பிய மூட்டை கட்டு அவிழாமல் அப்படியே மூலையில் இருந்தது. "கொண்டுபோங்க மாப்ளே" என்றார்கள், அவ்வளவுதான். தலையில் தூக்கிக்கொண்டு ஊர் நடுவே வந்தேன். நாலு பேர் பார்த்தார்கள். தண்டனையாக அது எனக்குப் போதவில்லை.

7-11-37, ஞாயிறு

வீக்கம் வடிந்திருக்கிறது. இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு மாதா கோயில்வரை நடந்தாள்.

29-11-37, திங்கள்

இப்போது காலையில் இருவரும் கூழ்தான், மோரும் சின்ன வெங்காயமும். முள் குத்தினால் தெரிகிறது என்று சிரித்தாள். பிள்ளை நன்றாக உதைக்கிறதாம்.

கூழ்க் கும்பா காலியாகவில்லை, வாசலில் பொன்னுராஜின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து போகக் கூப்பிட வந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை. கூழ் குடிக்கும்போது சாத்துவது அவளுக்குப் பழகிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள். இரண்டு கும்பாவையும் தானியக் குதிருக்குப் பின்னால் வைத்தாள். வந்து, முந்தானையால் என் மீசையைத் துடைத்துவிட்டாள். அப்புறம்தான் கதவைத் திறந்தாள்.