மேசை விளிம்பில் பட்ட பந்து

கண்டி,
10.9.1986

அன்பின் அத்தான்,

தடுப்பு முகாமில் கடிதங்களைப் பிரித்து வாசித்த பிறகுதான் உங்களிடம் தருவார்களாம். வாசிக்கட்டும். இது மகளின் மேசைப்பந்துப் போட்டியைப் பற்றியது.

நேற்று இறுதிப் போட்டி. பதக்கத்தை உங்களிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. கடைசியில், எதிரே ஆடிய பிள்ளை அடித்த பந்து வெளியே போனதென்று நினைத்து, நடுவர் நம் மகள் வென்றதாக அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இவள் கையை உயர்த்தி, "இல்லை சேர், பந்து மேசை விளிம்பில பட்டது. பொயின்ற் அவவுக்குத்தான்" என்றாள்.

ஆட்டம் தொடர்ந்தது. தோற்றுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் இருந்துகொண்டேன். வீட்டுக்கு வந்துதான், "நீ சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே அம்மா. அப்பா கேட்டா என்ன சொல்லுறது?"

செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்களாம், அப்படிச் செய்தாவது வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று போன கடிதத்தில் கெஞ்சியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நீங்கள் வர நாளாகும். இத்துடன் நீங்கள் உடுத்த இன்னும் இரண்டு சாரம் அனுப்புகிறேன்.

உங்கள் மனைவி