ஜுவேரியா கல்யாணமும் பீரோவுல இருந்த லென்ஸும்

மந்தைவெளி,
ஞாயித்துக்கிழமை

செல்விக் கண்ணுக்கு நைனா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் நல்லா கீறோம், என் முட்டிவலி கூட இந்த மாசம் லீவு போட்டுட்டுது, டப்ளின் குளிருல உன் இருமல் நின்னுதான்னு மொதல்ல எழுது.

போன்ல நீ, பொங்கலுக்கு வரல நைனா, அந்த டிக்கெட் காசுல உனக்குப் புது கேமரா பாடி வாங்கி அனுப்பறேன், இருட்டுல நீ எடுக்கற படமெல்லாம் புள்ளிபுள்ளியா வருதுன்னு சொன்னே இல்ல, அன்னிலேர்ந்து உங்கம்மா என்கிட்ட சரியா பேசல. பாடிய மாத்தினா நெசமாவே வித்தியாசம் தெரியுதான்னு பாக்க, கல்யாணப் படம் எடுக்க நம்ம கூட வர்ற லாரன்ஸ் புதுசா வாங்கினத ஒரு நாளைக்குக் கேட்டேன், இன்னாண்ணா என் கேமராவுக்குப் பரீட்சையான்னு சிரிச்சுக்கினே குடுத்தான். புதன்கிழமை திருவல்லிக்கேணியில அஸ்மத்துன்னிசாம்மா பொண்ணு ஜுவேரியாவுக்குக் கல்யாணம், படம் எடுக்க அதத்தான் கொண்டு போனேன். நிக்காஹ் முடிஞ்சு மத்தியானம் ஜல்வா, பொண்ணு மாப்பிள்ளை தலைக்குமேல சால்வையப் போத்தி, நடுவுல கண்ணாடிய வெச்சு அதுலதான் முகத்தக் காட்டுவாங்க. பொய் சொல்லக்கூடாது, அதுவரைக்கும் லாரன்ஸ் கேமராவுல வீட்டுக்குள்ள எடுத்ததுல புள்ளி கம்மிதான். ஆனா சால்வைக்குள்ள ஃப்ளாஷ் போட்டா கண்ணாடி வெள்ளையா அடிச்சுடும், அதுல மாட்டின என் ஜூம் லென்ஸு அந்த இருட்டுக்குப் போதுமான அளவு தொறக்காது, ஷட்டர மெதுவாக்கினா பொண்ணு சிரிக்கறப்போ படத்துல முகம் கலங்கி இழுத்துக்குது. ரெண்டு படம் வீண். திரும்ப எடுக்கற விஷயமா அது?

பையில கைய விட்டா, உன் லென்ஸு. மொதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தியே, அந்த அம்பது எம்எம். வீணாப்போயிடும்னு ஆயுதபூசைக்கு மட்டும் எடுத்துப் பொட்டு வெச்சு மறுபடி பீரோவுல பூட்டிக்கினு இருந்தேன், இத உன்கிட்ட சொன்னதே இல்ல. உங்கம்மாதான் காலையில எனக்குத் தெரியாம பையில போட்டிருக்கா. மூடியில குங்குமம் அப்படியே கீது. என் பழைய கேமராவுலயே மாட்டி முழுசா தொறந்தேன், ஜூமவிட எட்டுபத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது, கண்ணாடிக்குள்ள ஜுவேரியா சிரிக்கறது கண்ணிமை வரைக்கும் தெரியுது. அஸ்மத்துன்னிசாம்மா பாத்துட்டு, மாப்பிள்ளை பாத்தத நாங்களும் பாத்துட்டோம்பான்னு அழுதுட்டாங்க. எனக்கு உன் நெனப்பு வந்துடுச்சு.

அதனால பாடி வேணாம் கண்ணு. அனுப்பினா அதையும் பொட்டு வெச்சுப் பூட்டித்தான் வெப்பேன், என் குணம் உனக்குத் தெரியும். டிக்கெட் போடு, உன்னப் பாத்து ரெண்டு வருசமாச்சு. நேரத்துக்கு சாப்புடு, ஈரத்தலையோட வேலைக்கு ஓடாத, எந்தக் குறையும் இல்லாம நல்லா இருக்கணும் நீ.

நம்ம வாசல் பல்பு மங்கிப்போச்சு, மாத்துங்கன்னு உங்கம்மா தெனம் சொல்றா. பொங்கல் வரைக்கும் மாத்தமாட்டேன். நீ வந்து நிக்கறத அந்த வெளிச்சத்துலயே எடுக்கணும்.

உன் நைனா,
பொன்னுரங்கம்